பெரிய வீல் மாட்டுனா வண்டி ரோட்டைப் பிடிக்குமா?

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நம்ம ஊர்த் தெருவுல வந்து நிக்கிற சென்னை, பெங்களூரு வண்டிகளைப் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். முன்னெல்லாம் மாருதி, இண்டிகான்னு வரும். இப்போ வீட்டுக்கு ஒரு எஸ்யூவி. அதுல பல வண்டியில கம்பெனி கொடுத்த சக்கரம் இல்லை. பளபளன்னு பெரிய அலாய் வீல், அதைச் சுத்தி ரப்பர் இருக்கா இல்லையான்னு தேடுற மாதிரி ஒல்லியா ஒரு டயர். ஏம்ப்பா மாத்துனேன்னு கேட்டா, "ஹேண்ட்லிங் நல்லா இருக்கும்"னு பதில் வருது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கிராமத்துக்கு வந்து போற வண்டிக்குப் பெரிய வீல் போட்டு ஹேண்ட்லிங்கைக் கூட்டறது வேண்டாத வேலை. பெரும்பாலானவங்களுக்குத் தேவைப்படறது சரியான காத்தும் அலைன்மெண்டும்தான்.

விவசாயிக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு நினைக்கலாம். நெய்வேலி டவுன்ஷிப்புல எட்டு வருசம் வாடகை பொலிரோ ஓட்டுனவன் நான். அது போகட்டும். டயரைப் பத்தி விவசாயிக்கு நிலம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி வேற யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. எங்க டிராக்டரையே எடுத்துக்குங்க. முன்னாடி 6.00-16, ஒல்லியான டயர், திருப்புறதுக்கு. பின்னாடி 13.6-28, இழுக்கிறதுக்கு. சேத்து உழவுக்கு இறங்குனா கேஜ் வீல் மாட்டுவோம், இல்லேன்னா வண்டி அங்கயே பொதைஞ்சு நிக்கும். அதே கேஜ் வீலோட தார் ரோட்டுல ஏறுனா ரோடும் போச்சு, வண்டியும் போச்சு. கொல்லையில உழும்போது காத்தைக் குறைப்போம், கரும்பு லோடோட ரோட்டுல போகும்போது கூட்டுவோம். பிடிமானம் பத்தலேன்னா பின் டயருக்குள்ள தண்ணியை ஏத்துவோம். எங்க ஊர்ச் சுரங்கத்துல 1400 லிட்டர் பக்கெட் வச்ச பெரிய பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் இருக்கே, அதுக்கு டயரே கிடையாது. அத்தனை எடையையும் அகலமான பட்டைச் சங்கிலி மேல பரப்பி நகர்த்தறாங்க. ஆக, எந்தத் தரையில ஓடப்போகுதுங்கிறதை வச்சுத்தான் டயரை முடிவு பண்றது வழக்கம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டயர் பக்கவாட்டுல இருக்கிற எழுத்தை எத்தனை பேர் படிச்சிருக்கீங்க? பொலிரோவுல 215/75 ஆர் 15னு இருக்கும். 215ங்கிறது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 75ங்கிறது சதவீதம், அகலத்துல 75 சதவீதம் பக்கச் சுவரோட உயரம். அதாவது சுமார் 161 மில்லி. 15ங்கிறது ரிம்மோட விட்டம், இன்ச்சுல. மேலயும் கீழயும் ரெண்டு பக்கச் சுவரு, நடுவுல ரிம் 381 மில்லி, கூட்டிப் பார்த்தா சக்கரத்தோட மொத்த உயரம் 703 மில்லி சொச்சம்.

நம்ம பக்கத்துப் பசங்க இதுக்கு 235/75 ஆர் 15 மாட்டுவாங்க. முரட்டுத்தனமா தெரியும்ல. கணக்குப் போட்டா உயரம் 733 மில்லி ஆயிடுது, நாலு சதவீதத்துக்கு மேல வித்தியாசம். ஸ்பீடாமீட்டர் 100னு காட்டும்போது நிஜத்துல வண்டி 104ல போகும். வண்டியே 15 மில்லி மேல தூக்கி நிக்கும். எஸ்யூவி வளைவுல சாயறதுக்குக் காரணமே அதோட உயரம். அந்த உயரத்தை இன்னும் ஏத்திட்டு ஹேண்ட்லிங் கூடுச்சுன்னு சொன்னா எப்படி? இழுவையும் கொஞ்சம் மந்தமாகும், கியர் விகிதம் மாறுன மாதிரி ஆயிடும். காட்டுப் பாதையில கல்லு மேல ஏறி இறங்கறவங்களுக்கு உயரமான டயர் பிரயோஜனம், இல்லேன்னு சொல்லலை. ஆர்ச் கேட்டுல இருந்து வடலூர் போறதுக்கு அது எதுக்கு?

இன்னொரு வகை இருக்கு. அதுதான் பட்டணத்து வகை. மொத்த உயரத்தை மாத்தாம, ரிம்மைப் பெருசாக்கி ரப்பரைச் சின்னதாக்கறது. 255/60 ஆர் 18 டயரோட உயரம் 763 மில்லி. 255/50 ஆர் 20 போட்டாலும் அதே 763தான். ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. ஆனா பக்கச் சுவரு 153 மில்லியில இருந்து 127 மில்லிக்கு வந்துடுது. இதுல லாபம் இருக்கு, நியாயமா ஒத்துக்கணும். சுவரு குட்டையா இருந்தா நெளியறது குறையும். ஸ்டியரிங்கைத் திருப்புன உடனே வண்டி திரும்பும். ஈசிஆர்ல, பைபாஸ்ல ஓட்டிப் பார்த்தா சுகமாத்தான் இருக்கும்.

அந்தச் சுகம் பண்ருட்டி தாண்டுனா முடிஞ்சுது. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நாலு வழிச்சாலை வேலை எத்தனை வருசமா இழுத்துச்சுன்னு இந்தப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் புது ரோடு, ஒரு பக்கம் பழைய ரோடு, நடுவுல ஒரு சாண் பள்ளம். என் அக்கா மகன் போன ஐப்பசி மழையில குடும்பத்தோட வந்தான். ஒரு லட்சத்துக்கு மேல செலவு பண்ணி 20 இன்ச் மாட்டியிருந்தான். ராத்திரி ஒன்பது மணி, வடலூருக்கு இந்தப் பக்கம், தண்ணி நின்ன பள்ளத்துல முன் சக்கரம் இறங்கிடுச்சு. "மாமா, ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குது"ன்னு போன். நான் போய்ப் பார்க்கும்போது மருமக மடியில ரெண்டு வயசுக் குழந்தை, பக்கத்துல லாரிங்க உரசற மாதிரி போயிட்டு வருது. ரிம் நெளிஞ்சு, டயர்ல கோழி முட்டை அளவுக்குப் புடைப்பு.

அந்தப் புடைப்பு எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்குங்க. பள்ளத்தோட விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவுல பக்கச் சுவரு நசுங்கும்போது உள்ள இருக்கிற நூல் அறுந்துடும். அறுந்த இடத்துல காத்து வெளியே தள்ளும். அதுக்குப் பஞ்சர் ஒட்டி எல்லாம் சரி பண்ண முடியாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். 90ல போகும்போது அது வெடிச்சா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்லை. அவன் நல்ல நேரம், 30லதான் வந்திருக்கான்.

பெரிய ரிம் பெரும்பாலும் எடையும் கூட இருக்கும். அது ஸ்பிரிங்குக்குக் கீழ இருக்கிற எடை. சேத்துல நடந்து காலெல்லாம் களிமண் அப்பிக்கிட்டு வரப்புல நடந்து பாருங்க. தலையில பத்து கிலோ இருந்தாலும் நடந்துடலாம், கால்ல ஒரு கிலோ களி ஒட்டுனா தடுமாறும். வண்டிக்கும் அப்படித்தான். சக்கரம் கனமா இருந்தா மேடு பள்ளத்துல ரோட்டை விட்டு எகிறும், ஷாக் அப்சார்பரால அடக்க முடியாது.

அகலத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. அகலமான டயர் காய்ஞ்ச ரோட்டுல நல்லாப் பிடிக்கும். எங்க மாவட்டத்துக்கு மழை வர்றது ஐப்பசி, கார்த்திகையில. நின்ன தண்ணியில வேகமா போனா அகலமான டயர்தான் சீக்கிரம் மிதக்கும், அதுலயும் பட்டன் தேஞ்சிருந்தா கேக்கவே வேணாம். மண் லாரி, சாம்பல் லாரி சிந்துனது மேல முதல் தூறல் விழுந்தா ரோடு விளக்கெண்ணெய் தடவுன மாதிரி ஆயிடும். டயர் காடிக்குள்ள சின்ன மேடு மாதிரி ஒரு அடையாளம் இருக்கும், அது 1.6 மில்லி. ரப்பர் அந்த மட்டத்துக்கு வந்தா டயர் முடிஞ்சுது. என்னைக் கேட்டா மழைக்கு முன்னாடி 3 மில்லியிலயே மாத்திடுங்கன்னுதான் சொல்வேன்.

அப்படியும் ஆசை விடலைன்னா ஒரு வழி இருக்கு. உங்க வண்டியோட மேல் வேரியண்டுக்குக் கம்பெனியே என்ன சைஸ் கொடுத்திருக்குன்னு பாருங்க. ஸ்கார்பியோ-என் கீழ் மாடலுக்கு 245/65 ஆர் 17, மேல் மாடலுக்கு 255/60 ஆர் 18. கிரெட்டாவுல 205/65 ஆர் 16, 215/60 ஆர் 17. அதோட நிறுத்திக்கணும். பக்கவாட்டுல கடைசியா இருக்கிற எண்ணையும் பாருங்க. 100னா ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 109னா 1030 கிலோ. பழைய டயருக்குக் குறைஞ்சு போகக் கூடாது. ரிம் வெளியே துருத்திக்கிட்டு நிக்கிற மாதிரி போடாதீங்க, பேரிங்குக்கு ஆகாது. ஃபோர் வீல் டிரைவ் வண்டின்னா ஸ்டெப்னியும் அதே உயரம் இருக்கணும். கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றமே 2019ல ஒரு கேரள வழக்குல சொல்லியிருக்கு, இன்சூரன்ஸ்காரங்க கேள்வி கேட்டா பதில் சொல்லணும்ல.

இதெல்லாம் இல்லாம, ஒத்தப் பைசா செலவில்லாத வேலை ஒண்ணு இருக்கு. டிரைவர் கதவைத் திறந்தா உள்பக்கத்துல ஒரு ஸ்டிக்கர். ரெண்டு பேர் போனா இவ்வளவு காத்து, முழு லோடுன்னா இவ்வளவு காத்துன்னு பல வண்டியில தனித்தனியா போட்டிருக்கும். ஊருக்கு வரும்போது ரெண்டு பேரும் ஒரு பையும். திரும்பும்போது பாருங்க, ஒரு மூட்டை அரிசி, பத்துத் தேங்காய், மூணு பலாப்பழம், போதாததுக்கு எங்க அக்காவையும் ஏத்திக்கிட்டுப் போவாங்க. அப்புறம் விழுப்புரம் தாண்டுன உடனே "வண்டி பின்னாடி ஆடுது மாமா"ன்னு போன் வரும். ரெண்டு பேருக்கு வச்ச காத்துல ஆடாம என்ன பண்ணும்? நைட்ரஜன் போட்டிருக்கேனேன்னு சிலர் சொல்றாங்க. நாம மூச்சு விடற காத்துலயே முக்கால்வாசிக்கு மேல நைட்ரஜன்தான்ப்பா, அளவுதான் முக்கியம்.

வண்டி ஓடிச் சூடேறறதுக்கு முன்னாடி, காலையில பார்க்கணும். சூடான டயர் கூடக் காட்டும், அதை நம்பி இறக்கிடக் கூடாது. இந்தப் பொங்கலுக்கு வர்றவங்க கிளம்புற அன்னிக்குக் காலையில முதல் வேலையா பக்கத்துப் பங்க்ல காத்து அடிச்சுட்டு வந்துடுங்க. பலாப்பழம் அப்புறம் ஏத்திக்கலாம், அது எங்கயும் போகாது.