சோதனை முழுமை பெறட்டும்

சுழல்விசிறிகளைச் சாய்த்துப் பறக்கும் ஆளில்லா விமானங்களை உருவாக்குவதில் பல நாடுகள் முனைந்துள்ளன. இஸ்ரேலில் உருவான ‘பாந்தர்’ 2010-ம் ஆண்டிலேயே அறிமுகமாயிற்று. இவற்றுக்கு ஓடுபாதை வேண்டியதில்லை. ஹெலிகாப்டர் போல நின்ற இடத்திலிருந்தே எழும்பும். பின்னர் விசிறிகள் முன்புறம் சாய, சிறகின் பலத்தில் குறைந்த சக்தியுடன் நெடுந்தூரம் செல்லும். சாலை வசதியற்ற ஊர்களுக்கு மருந்து கொண்டுசெல்ல இவை பெரிதும் பயன்படக்கூடும்.

ஆனால் ஆபத்து நடுவழியில்தான் இருக்கிறது. விசிறி சாயச் சாய, மேல்நோக்கித் தூக்கும் விசை குறைகிறது. போதிய வேகம் வருமுன் சிறகு பாரத்தை ஏற்காது. அவசரப்பட்டுச் சாய்த்தால் விமானம் தரையை நோக்கி இறங்கிவிடும். நின்று பறக்கும்போது, ஒருபுறம் சரியும் விமானத்தை விசிறிகளின் விசையைக் கூட்டிக் குறைத்து நிமிர்த்த வேண்டும். விரைந்து செல்லும்போது அவ்வேலையைச் சிறகின் ஓரத்திலுள்ள அசையும் தகடுகள் செய்கின்றன. இடைப்பட்ட நேரத்தில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதை, சாய்வையும் வேகத்தையும் பார்த்துக் கணினியே கணத்துக்குக் கணம் தீர்மானிக்க வேண்டும்.

இதில் தவறு நேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்க ராணுவத்தின் ‘ஆஸ்ப்ரே’ சான்று. ஆட்களை ஏற்றிச் செல்வதாயினும் அதுவும் விசிறி சாயும் விமானமே. 2000 டிசம்பரில் தரையிறங்க வந்த ஒரு ஆஸ்ப்ரேயில் எண்ணெய் அழுத்தக் குழாய் உடைந்தது. நிலைமையைச் சமாளிக்க வேண்டிய கணினி நிரலிலும் குறை இருந்தது. நால்வர் மாண்டனர்.

இந்திய அரசு 2021-ல் வெளியிட்ட ட்ரோன் விதிகள், செங்குத்தாக எழும்பிச் சிறகால் பறக்கும் கலப்பு வகையைத் தனிப் பிரிவாக ஏற்றன; வகைச் சான்றிதழ் முறையையும் வகுத்தன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் எழும்புவதையும் இறங்குவதையும் பார்த்து மட்டும் சான்றிதழ் தருவது போதாது. பாதிச் சாய்வில் விசிறி சிக்கிக்கொண்டால், எதிர்காற்று திடீரென ஓய்ந்தால், வேகமானி தவறாகக் காட்டினால் விமானம் என்ன செய்யும் என்பதை, ஆளில்லாத திறந்தவெளியில் பறக்கவிட்டு நிரூபிக்கச் சொல்ல வேண்டும்.

பெங்களூர், மும்பை போன்ற நகரங்களில் குடித்தனங்களும் பட்டறைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. மேலிருந்து விழுவதைத் தாங்க அங்கே இருப்பவை தகரக் கூரைகளே. புதுமைக்கு எவரும் தடை சொல்லவில்லை. ஆனால் அதன் சோதனைக் களம் உழைப்பாளியின் கூரையாக இருத்தல் கூடாது. உரிய அதிகாரிகள் இதில் கண்டிப்புக் காட்ட வேண்டும்.