கியர்பாக்ஸை மாற்றும் முன் ஒரு கேள்வி



டெக்சாஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். வெயில் நம் ஊர் அக்னி நட்சத்திரத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. இந்தப் பதிவு சற்று நீளம். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் இதையாவது முழுதாகப் படியுங்கள்.

மாப்பிள்ளையிடம் 1998 மாடல் பிக்கப் டிரக் ஒன்று இருக்கிறது. நான்கு கியர் உள்ள ஆட்டோமேட்டிக். நடுவில் சில மாதம் வேலை இல்லாமல் இருந்து, இப்போதுதான் நாற்பது மைல் தள்ளி ஒரு வேலை கிடைத்திருக்கிறது. காரை மகள் எடுத்துப் போய்விடுவாள். ஆகவே இவருக்கு அந்த டிரக்தான் கதி. அது நெடுஞ்சாலையில் திடீர் திடீரென்று கியர் நழுவுவது போல உறுமியது. எஞ்சின் விளக்கும் எரிந்தது. ஒரு பணிமனையில் காட்டினார். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும், மூவாயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்றார்களாம்.

"மாமா, வண்டியோட விலையே அவ்வளவு இருக்காது. பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார்.

"மாப்பிள்ளை, எப்போ நழுவுதுன்னு கேட்டாங்களா?" என்றேன். இல்லை என்றார்.

முதலில் ஆயில் பார்த்தோம். பெரும்பாலான பழைய பிக்கப்களில் சமதளத்தில் நிறுத்தி, வண்டி நன்றாகச் சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். அளவு குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும், கியர் நழுவும். அளவு சரியாக இருந்தது. நிறமும் சிவப்பாகத் தெளிவாக இருந்தது. கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் உள்ளே கிளட்ச் எரிந்திருக்கிறது என்று பொருள். ரோஸ்மில்க் போல வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிந்திருக்கிறது. இரண்டும் இல்லை.

பிறகு மாப்பிள்ளை ஓட்ட, நான் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குளிர்ந்த எஞ்சினில் முதல் பத்து நிமிடம் தொல்லை இல்லை. ஊருக்குள் மெதுவாகப் போகும்போதும் இல்லை. வண்டி சூடாகி, 45 மைலுக்கு மேல் சீராக ஓடும்போது மட்டும்தான் வருகிறது. இந்த மூன்று வரிதான் பாதி விடை.

ஏன் என்று சொல்கிறேன். வகுப்பில் இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டால் மற்றதும் சுழலும் என்று காட்டியது நினைவிருக்கிறதா? ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வர்ட்டர் அதே தத்துவம்தான். காற்றுக்குப் பதில் ஆயில். 1905இலேயே கப்பல்களுக்காக ஜெர்மனியின் ஃபாட்டிங்கர் கண்டுபிடித்தது. இதில் எப்போதும் கொஞ்சம் நழுவல் உண்டு. அது வீண் சூடு, வீண் பெட்ரோல். அதனால் வண்டி சூடாகி, சீரான வேகத்துக்கு வந்ததும் உள்ளே ஒரு கிளட்ச் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பூட்டிவிடும். பூட்டு வேலை செய்யும் அதே நேரத்தில்தான் இந்த வண்டியின் தொல்லையும் வருகிறது.

அடுத்தது கணக்கு. 60 மைலில் டாக்கோமீட்டர் முள் 1,800இல் இருந்தது. மேல் கியரின் விகிதம் 0.70, மூன்றாம் கியர் 1.00. கியர் நழுவி மூன்றுக்கு இறங்கியிருந்தால் முள் 1,800ஐ 0.70ஆல் வகுத்து, ஏறத்தாழ 2,570க்குப் போக வேண்டும். ஆனால் உறுமும்போது 2,050தான் காட்டியது. பின்னால் வண்டி வராத இடத்தில் பிரேக்கை லேசாகத் தொடச் சொன்னேன். பிரேக்கைத் தொட்டாலே அந்தப் பூட்டு விடுபடும். முள் அதே 2,050க்கு ஏறியது, அதே உறுமல். ஆக, கியர் நழுவவில்லை. பூட்டுத்தான் விட்டு விட்டுத் திறக்கிறது.

உதிரிபாகக் கடையில் பிழை எண்ணை இலவசமாகப் படித்துச் சொன்னார்கள்: பி 0740. அது அந்தப் பூட்டின் மின்சுற்றில் கோளாறு என்கிறது. மின்சுற்று என்றுதான் சொல்கிறதே தவிர, கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சொல்லவில்லை. தெருக்கோடியில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதியவரிடம் என் நோட்டைக் காட்டினோம். மல்டிமீட்டரோடு அடியில் புகுந்தார். சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் போகும் ஒயர் வெந்து, உள்ளே அறுந்து அறுந்து தொட்டுக்கொண்டிருந்தது. ஒயரை ஒட்டி, குழாயை விட்டுத் தள்ளிக் கட்டினார். ஒரு மணி நேரக் கூலி வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார்.

கியர்பாக்ஸ் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆயில் தீய்ந்து, அடித்தட்டில் உலோகத் துணுக்குகள் கிடந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது கடைசிப் படி. பணிமனையை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். கோளாறைக் கண்டுபிடிக்கும் நேரத்துக்குக் காசு கொடுக்க நமக்கே மனம் வருவதில்லை. "என்னத்த மாத்துனீங்க, காசு கேக்குறீங்க?" என்போம். பிறகு அவர்கள் எதையாவது மாற்றத்தானே செய்வார்கள்? யோசிப்பதற்குக் கூலி கொடுங்கள். அது மாற்றுவதற்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. பத்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். புத்தகத்துக் கணக்குகளைச் சரியாகப் போடுவான். கரும்பலகையில் நான் எழுதிப்போட்டால் தப்பும் தவறுமாகப் போடுவான். மதிப்பெண் அட்டையில் "கவனக்குறைவு" என்று எழுதினேன். அவன் அப்பாவிடம், இவனுக்குப் படிப்பு ஏறாது, ஏதாவது தொழிலில் சேர்த்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அவன் பத்தோடு நின்றுவிட்டான். பல வருடம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் கண்ணாடியோடு வந்து கும்பிட்டான். "டிரைவிங் லைசென்ஸுக்குக் கண் டெஸ்ட் பண்ணப்பத்தான் சார் தெரிஞ்சுது, எனக்குத் தூரப் பார்வை சரியில்லன்னு" என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

எப்போது தப்புப் போடுகிறான் என்று ஒரு நாள் நோட்டில் குறித்திருந்தால் எனக்கு அன்றே தெரிந்திருக்கும். ஒரு பழைய டிரக்குக்குக் காட்டிய பொறுமையை அந்தப் பையனுக்கு நான் காட்டவில்லை. தம்பி, நீ இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு. உன் பிள்ளைகள் எந்த வகுப்பு என்று எனக்கு எழுது.

மற்றவர்களும் எழுதுங்கள். வண்டிக் கோளாறு எழுதுபவர்கள், எப்போது வருகிறது என்பதை முதல் வரியிலேயே எழுதவும்!

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்