சூரியன் தூக்கி எறியும் முறுக்கு

இ.எம். தியரி பேப்பர்ல 'வெக்டர் பொட்டன்ஷியல்'னு ஒண்ணு வருமே, ஞாபகம் இருக்கா? அதுக்கு 'கர்ல்' எடுத்தா காந்தப்புலம் வரும். "சரி, அது எதுக்கு?"னு கேட்டா, "செமஸ்டர்ல அஞ்சு மார்க்குக்கு"ன்னுதான் பதில் வரும். இந்த வாரம் அதுக்கு உருப்படியா ஒரு வேலை கொடுப்போம்.

வெக்டர் பொட்டன்ஷியலையும் காந்தப்புலத்தையும் 'டாட்' போட்டு, ஒரு இடம் முழுக்க இன்டெக்ரேட் பண்ணுங்க. கிடைக்கிற எண்ணுக்குப் பேர் மேக்னடிக் ஹெலிசிட்டி. காந்தக் கோடுகள் எவ்வளவு முறுக்கிக்கிட்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கிட்டு இருக்குங்கிற கணக்கு அது.

ஃபார்முலாவை ஓரமா வைங்க. ஒரு இயர்போன் வயரை எடுங்க. இல்லையா, கொடிக்கயிறு போதும். ரெண்டு முனையையும் பிடிச்சு, ஒரு முனையை ஒரே பக்கமா இருபது தடவை திருகுங்க. இப்போ கைகளை மெல்லப் பக்கத்துல கொண்டு வாங்க. நடுவுல வயர் தானா வளைஞ்சு பாம்பு மாதிரி சுருண்டுக்கும். நீங்க கொடுத்த முறுக்கு எங்கேயும் போகலை, பாதி வளைவா உருமாறிடுச்சு. முனைகளை விடாத வரைக்கும் முறுக்கும் வளைவும் சேர்ந்த மொத்தம் மாறாது. (டி.என்.ஏ. சுருள்றதுக்கும் இதே கணக்குதான். பயாலஜி மக்கள் பக்கத்தைப் புரட்ட வேண்டாம்!)

சூரியன்ல காந்தக் கோடுகள் பிளாஸ்மாவோட ஒட்டிக்கிட்டு, அது போற பக்கமெல்லாம் இழுபடும். சூரியனோட நடுப்பகுதி ஒரு சுற்று சுத்த சுமார் 25 நாள். துருவங்கள் பக்கம் சுமார் 35 நாள். இப்படி ஆளுக்கொரு வேகத்துல சுத்தினா கோடுகள் முறுக்காம என்ன செய்யும்?

1958-ல் நெதர்லாந்துக்காரரான வோல்ட்யர் ஒண்ணை நிரூபிச்சார். மின்தடையே இல்லாத பிளாஸ்மாவில் மொத்த ஹெலிசிட்டி மாறவே மாறாது. அதே வருஷம் இதே ரகக் காந்தப்புலங்களைப் பத்தி அவரோட சேர்ந்து கட்டுரை எழுதினவர் யாருங்கிறீங்க? நம்ம சென்னை பிரசிடென்சி காலேஜில் படிச்ச சந்திரசேகர். 'சந்திரசேகர் லிமிட்' தாண்டியும் அவர்கிட்ட நிறைய சரக்கு இருக்கு பாஸ்!

நிஜ சூரியன்ல மின்தடை கொஞ்சம் உண்டு. கோடுகள் அறுந்து மறுபடி ஒட்டும்போது ஆற்றல் மளமளன்னு வெப்பமா கரைஞ்சுடும். ஹெலிசிட்டி மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நிக்கும். கரையவும் கரையாது, சேர்ந்துக்கிட்டும் போகுதுன்னா என்ன வழி? தூக்கி எறியறதுதான். 'கரோனல் மாஸ் எஜெக்‌ஷன்'னு சொல்ற வெடிப்புகள்ல, சுமார் 100 கோடி டன் பிளாஸ்மா முறுக்கேறிய காந்தப்புலத்தோட வெளியே பாயுது. சேர்ந்த ஹெலிசிட்டியை சூரியன் கழிக்கிற வழியே இதுதான்னு 1990-களில் ஒரு வாதம் கிளம்புச்சு. எனக்கு அது நியாயமாத்தான் படுது. ஆனா வெடிப்பைத் தொடங்கி வைக்கிறதும் அதேதானா என்பதில் சண்டை ஓயலை.

சூரியன் எறிஞ்சா நமக்கென்னன்னு இருக்க முடியாது. 1989 மார்ச் 13-ம் தேதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் கரன்ட் இல்லாம கிடந்தாங்க. காரணம், சூரியன் கிளப்பிவிட்ட காந்தப்புயல். பூமியை மோதும் மேகத்துல காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தா, நம்ம பூமியோட காந்தப்புலத்துடன் பிணைஞ்சு உள்ளே ஆற்றலைக் கொட்டும். வடக்கு நோக்கி இருந்தா பாதிப்பு ரொம்பக் கம்மி. எந்தப் பக்கம்னு நேரா அளக்கிறது, 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிக்கிற நம்ம ஆதித்யா-எல்1 மாதிரி விண்கலங்கள். ஆனா அங்கே அளந்த பிறகு நமக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ளதான். சூரியன்லேர்ந்து கிளம்பும்போதே முறுக்கு இடக்கையா, வலக்கையான்னு தெரிஞ்சா, ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே ஊகிக்க ஒரு பிடி கிடைக்கும்.

அதுக்கு சூரியனே ஒரு க்ளூ கொடுக்குது. அதன் வடபாதியில் பெரும்பாலும் இடக்கை முறுக்கு, தென்பாதியில் வலக்கை. (சாதாரண ஸ்க்ரூவோட மரை வலக்கை.) சுமார் 11 வருஷத்துக்கு ஒரு தடவை சூரியனோட காந்த துருவங்களே தலைகீழாகும். ஆனா இந்த விதி மாறாது! ஏன்னா காந்தப்புலம் மைனஸ் ஆனா வெக்டர் பொட்டன்ஷியலும் மைனஸ். மைனஸ் இன்டு மைனஸ்? எட்டாங்கிளாஸ்ல படிச்சதுதான்.

இதைப் பார்க்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். கோடைக்கானல் சூரிய ஆய்வகம் ஒரு நூற்றாண்டா எடுத்த படங்களை டிஜிட்டல் பண்ணி வச்சிருக்காங்க. அதில் ஹைட்ரஜன்-ஆல்பா படங்களை எடுத்துக்குங்க. சூரியன் மேல கருப்பா நீளமா தெரியும் கோடுதான் ஃபிலமென்ட். மெயின் ரோட்லேர்ந்து கிளை ரோடு பிரியற மாதிரி, அதுலேர்ந்து சின்னச் சின்ன கிளைகள் நீட்டிக்கிட்டிருக்கும். அந்த ரோட்ல நீங்க நடந்து போறதா வச்சுக்குங்க. முன்னோக்கிப் பிரியற கிளைகள் உங்க வலப்பக்கமா இருந்தா, அங்கே முறுக்கு பெரும்பாலும் இடக்கை. ஆமா, உல்டாதான், குழம்பிக்காதீங்க. எந்த முனையிலிருந்து நடந்தாலும் இதே பதில்தான் வரும். தெளிவா இருக்கிற அம்பது ஃபிலமென்ட்டை எடுத்து, வடக்கு எது, தெற்கு எதுன்னு பிரிச்சு எண்ணிப் பாருங்க. விதியை மீறுறதும் சிலது சிக்கும். அதைத் தனியா குறிச்சு வைங்க.