கேட்டுக்குள் திட்டம், வெளியே திண்டாட்டம்: ஓஎம்ஆர் குடியிருப்புகளின் உண்மையான செலவு என்ன?

‘ஓஎம்ஆரிலிருந்து ஐந்தே நிமிடம்’. நாவலூர், தாழம்பூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் பக்கம் ஃபிளாட் பார்க்கப் போகும் எவர் கையிலும் கிடைக்கும் விளம்பரத் தாளில் இந்த வரி இருக்கும். அது பொய்யும் இல்லை. ஓஎம்ஆருக்கு ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம். அங்கிருந்து ஆபீசுக்கு எவ்வளவு நேரம் என்பதைத்தான் அந்தத் தாள் சொல்வதில்லை.

நகரத்துக்குள் கட்டுப்படியாகாத வீடு இங்கே கட்டுப்படியாகிறது. நீச்சல் குளம், ஜிம், குழந்தைகள் பயமில்லாமல் ஓடியாட இடம் எல்லாம் உண்டு. ஐடி வேலையில் இருக்கும் ஒரு இளம் தம்பதி இஎம்ஐ கணக்குப் போட்டுப் பார்த்து, ‘சமாளிச்சிடலாம்’ என்று கையெழுத்துப் போடுகிறது. குடிவந்த பிறகு இரண்டாவது கணக்கு ஒன்று ஆரம்பிக்கிறது.

ஒரே வேலைக்கு இரண்டு வரி

முதலில் மெயின்டனன்ஸ். உதாரணத்துக்கு, 1,200 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 4 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 4,800 ரூபாய். பலரும் இதை லிஃப்ட்டுக்கும் நீச்சல் குளத்துக்கும் கட்டும் பணம் என்று நினைக்கிறார்கள். பெரிய பகுதி போவது அதற்கல்ல. 2011-ல் சென்னை மாநகராட்சி விரிவானபோது, ஓஎம்ஆரில் அதன் எல்லை செம்மஞ்சேரியோடு நின்றுவிட்டது. அதைத் தாண்டினால் செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சிகள். கிராமத்துக்கான நிர்வாகத்தின் தலையில் இருபது மாடிக் கட்டடங்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் பெரும்பாலான வளாகங்களுக்கு வந்து சேரவில்லை. எனவே தண்ணீர் வாங்குவது, கழிவுநீரைச் சுத்திகரிப்பது, குப்பை அள்ளுவது, தெருவிளக்கு எரியவிடுவது எல்லாம் குடியிருப்போர் சங்கத்தின் வேலை. மெயின்டனன்ஸ் என்ற பெயரில் கட்டுவது உண்மையில் ஒரு தனியார் நகராட்சிக்கான வரி. ஊராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி தனி.

இதில் தண்ணீர்தான் பெரிய விஷயம். நகர்ப்புறத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசுத் திட்டங்களின் வழக்கமான அளவுகோல். 300 வீடுகள் கொண்ட வளாகத்தில் சராசரியாக வீட்டுக்கு மூன்றரை பேர் என்றால், தினமும் சுமார் 1.4 லட்சம் லிட்டர் வேண்டும். போர்வெல் கைவிட்ட கோடையில் அது 12,000 லிட்டர் லாரி கணக்கில் 12 லாரி. இந்த லாரிகள் ஆகாயத்தில் வருவதில்லை. ஆபீஸ் போகிறவர்கள் மாட்டிக்கொண்டு நிற்கும் அதே சாலையில்தான் அவையும் நிற்கின்றன. ‘லாரி எங்கப்பா, இன்னும் வரலையா?’ என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்பவரும், ‘ஏன் இவ்ளோ டிராஃபிக்?’ என்று சிக்னலில் புலம்புபவரும் பல நேரம் ஒரே ஆள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் ஓடுகிறது, படூரிலிருந்து அது ஒன்றும் தொலைதூரம் இல்லை. ஆனால் தண்ணீர் வடக்கே, மாநகரை நோக்கிப் போகிறது.

மின்சாரத்திலும் ஒரு குத்து. பொது விளக்கு, லிஃப்ட், மோட்டார் ஆகியவற்றுக்கு 2022 கட்டண மாற்றத்தில் தனிப் பிரிவு உருவாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு வந்த 5.50 ரூபாய் சலுகை, லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்கு மிகாத, பத்து வீடுகளுக்கு உட்பட்ட சின்னக் கட்டடங்களுக்கு மட்டுமே. மெயின்டனன்ஸ் வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18% ஜிஎஸ்டி வேறு. முழுத் தொகைக்கும் வரி என்றது மத்திய அரசின் 2019 சுற்றறிக்கை. 7,500-க்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும்தான் என்றது 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம். 8,000 ரூபாய் கட்டுகிறவருக்கு முதல் கணக்கில் வரி 1,440 ரூபாய், இரண்டாவதில் வெறும் 90. சங்கத்தின் ரசீதில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

மதில்கள் செய்த நெரிசல்

மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை ஓஎம்ஆர் 20.1 கி.மீ. தினம் போய்வர 40 கி.மீ. என்று வைத்தால், நெரிசலில் லிட்டருக்கு 12 கி.மீ. கொடுக்கும் காருக்கு, பெட்ரோல் நூறு ரூபாய் என்ற கணக்கில் 22 வேலை நாட்களுக்கு ஏழாயிரத்தைத் தாண்டுகிறது. ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால் மாதம் 55 மணி நேரம். ஒரு வார வேலை நேரத்தைவிட அதிகம், அதற்குச் சம்பளமும் கிடையாது.

சுங்கக் கட்டணம்தான் பிரச்சினை என்று ஒரு காலத்தில் எல்லோரும் சொன்னார்கள். பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கத்துச் சாவடிகள் 2021-லும், நாவலூர் சாவடி 2023-லும் போயின. பர்ஸுக்கு நல்லதுதான். நெரிசல் மட்டும் போகவில்லை, மெட்ரோ பணிக்கான தடுப்புகளும் சேர்ந்துகொண்டன.

நோயின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வளாகமும் தன் மனைக்குள் அழகாகச் சாலை போட்டு, சுற்றிலும் மதில் எழுப்பி, ஒரே ஒரு வாசலை வைக்கிறது. பக்கத்து வளாகமும் அப்படியே. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரியும். பிள்ளையைக் கொண்டுபோய் விட, ஓஎம்ஆருக்கு வந்து, யூ-டர்ன் அடித்து, அடுத்த சந்தில் நுழைய வேண்டும். பால் பாக்கெட் வாங்கக்கூட வண்டி எடுக்கும் ஊரில் ஆறு வழிச்சாலையைப் பத்து வழி ஆக்கினாலும் நிரம்பத்தான் செய்யும்.

மாநகரப் பேருந்துகள் உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட்டே இல்லை. ஆனால் நிறுத்தம் மெயின் ரோட்டில், வீடு ஒன்றரை இரண்டு கி.மீ. உள்ளே. பஸ் இலவசம், ஆட்டோவுக்குக் காசு! இந்த வளாகங்களில் வீட்டு வேலை செய்ய வரும் அக்காக்கள் ஆட்டோ ஏறுவதில்லை. நடைபாதை இல்லாத அந்தச் சாலையில், தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி நடக்கிறார்கள். ‘ஏன் லேட்டு?’ என்ற கேள்வியும் அவர்களுக்குத்தான்.

‘மெட்ரோ வந்தா எல்லாம் சரியாயிடும்’ என்பது இப்போதைய நம்பிக்கை. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் அந்தப் பாதையும் ஓஎம்ஆர் மேல்தான் போகிறது. ஸ்டேஷனிலிருந்து வளாகத்துக்கான அந்த இரண்டு கி.மீ. அப்படியே இருக்கும். சிற்றுந்தும் நடைபாதையும் குறுக்குச் சாலைகளும் அதற்குள் வந்தாக வேண்டும். பெருநகரப் பகுதி 2022-ல் 5,904 சதுர கி.மீ. ஆக விரிந்ததால், இந்த ஊர்களும் இனி சிஎம்டிஏ கணக்கில் வருகின்றன. 2026-46 காலத்துக்கான மூன்றாவது முழுமைத் திட்டம், பெரிய வளாகங்களின் ஊடே பொதுச்சாலை கட்டாயம் என்று சொல்ல வேண்டும்.

அப்படிச் சொன்னால் முதலில் எதிர்க்கப்போவது பில்டர்கள் மட்டுமல்ல. ‘வெளியாட்கள் நம்ம கேட் வழியா போறதா?’ என்று குடியிருப்போர் சங்கங்களும் கொடி பிடிக்கும். பாதுகாப்புக்கென்று காசு கொடுத்து வாங்கிய மதில், அவ்வளவு எளிதில் விட மனசு வராது. ஆனால் காலையில் அவர்களை ஓஎம்ஆரில் நிறுத்திவைப்பதும் அதே மதில்தான்.

வீடு தேடுபவர்களை சைட் விசிட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிப்போகிறார்கள். சாலை காலி, பாட்டு, ஏசி, அரை மணியில் சைட். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்த வாசலிலிருந்து சொந்த வண்டியில் ஒருமுறை ஆபீஸ் போய்ப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் போன மே மாதத்துத் தண்ணீர் லாரி பில்லையும் கேட்டுவிட்டு, அதன் பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.