மேற்கோள் காட்டியவரே பக்கத்தையும் காக்க வேண்டும்

அடிக்குறிப்பில் ஓர் இணைய முகவரியும் 'பார்த்த நாள்' என்று ஒரு தேதியும் கொடுத்தால் போதும் என்ற வழக்கத்தை எங்கள் ஆய்விதழின் ஆசிரியர் குழு இனி ஏற்பதில்லை. இணையப் பக்கத்தை ஆதாரமாகக் காட்டுபவர், அதைப் படித்த அன்றே முழுப் படி ஒன்றைத் தம் கணினியில் சேமித்து, கட்டுரையோடு எங்களுக்கு அனுப்ப வேண்டும்.

ஆதாரத்தைச் சரிபார்க்க வழியில்லாத கட்டுரையை ஆய்வு என்று நாங்கள் வெளியிட முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள இணைய முகவரிகளில் ஏறக்குறைய பாதி, முதலில் சுட்டிய செய்திக்கு அப்போதே கொண்டுபோகவில்லை என்று ஹார்வர்டின் ஜோனதன் ஸிட்ரெய்னும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது. பக்கம் காணாமல் போனால் வாசகருக்குத் தெரிந்துவிடும். முகவரி அப்படியே இருக்க, உள்ளே இருப்பதை மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்.

தமிழாய்வுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யுனிகோடு பரவுவதற்கு முந்தைய தளங்கள் பல, திஸ்கி, டாப் போன்ற குறியீடுகளில், அவற்றுக்குரிய எழுத்துருக்களை நம்பி இயங்கின. எழுத்துருவை விட்டுவிட்டுப் பக்கத்தை மட்டும் சேமித்தால், திறக்கும்போது தமிழ் இருக்காது. தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த லத்தீன் எழுத்துகள் வரிசையாக நிற்கும். எழுத்துருக் கோப்பையும் சேர்த்தே காக்க வேண்டும்.

இதற்கு ஆர்க்கைவ்வெப்.பேஜ் என்ற இலவச மேசைக்கணினிச் செயலியைப் பரிந்துரைக்கிறோம். பதிவைத் தொடங்கிவிட்டுப் பக்கத்தைத் திறந்தால், எழுத்து, படம், எழுத்துரு என்று வந்திறங்குவதையெல்லாம் அது பிடித்து ஒரே கோப்பில் வைக்கிறது. நீங்கள் திறக்காதது பதிவாகாது. ஆகவே கடைசி வரை உருட்டிப் பாருங்கள். 'மேலும் படிக்க' என்பதை அழுத்துங்கள். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கோப்பைத் திறந்து சோதியுங்கள். ஸொட்டெரோ என்ற மேற்கோள் மேலாண்மைச் செயலியைப் பயன்படுத்துவோர் அதில் சேமிக்கும் பக்கப் படியையும் ஏற்போம். திரைப்பிடிப்புப் படத்தை மட்டும் ஏற்கமாட்டோம். அதில் தேட முடியாது, இணைப்புகளும் இருக்காது.

இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கிறார்கள். அதை நடத்தும், 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவின் பணிமேல் எங்களுக்குப் பெருமதிப்பு உண்டு. அங்கும் ஒரு படி போடுங்கள் என்றுதான் சொல்கிறோம். ஆனால் 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் அதுவே சில நாட்கள் முடங்கியது. ஒரே இடத்தை நம்பி ஆய்வுலகம் இருக்கக் கூடாது.

பதிப்புரிமை பற்றிய அச்சத்தையும் மதிக்கிறோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆய்வுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. எங்களிடம் வரும் படிகளைப் பொதுவில் வெளியிடமாட்டோம். மதிப்பீட்டாளரும், காரணம் சொல்லிக் கேட்கும் ஆய்வாளரும் மட்டுமே பார்க்கலாம். தனிக் குழுக்களில் நம்பி எழுதப்பட்ட பதிவுகளை, எழுதியவரின் சம்மதமின்றி எங்களுக்கு அனுப்பவே வேண்டாம்.

சொந்தக் கணினி இல்லாத ஆய்வு மாணவர்களை இந்த விதியைக் காட்டித் திருப்பி அனுப்பமாட்டோம். எழுதத் தொடங்கும்போதே முகவரிகளை அனுப்பினால், படியெடுக்கும் வேலையை ஆசிரியர் குழுவே செய்து கோப்புகளை அவர்களிடம் தரும்.