நோயும் சரக்கு, மருந்தும் சரக்கு

தசையைப் பெருக்க ஒரு மாத்திரை. அந்த மாத்திரை கல்லீரலைக் கெடுக்காதிருக்க இன்னொரு மாத்திரை. நாடெங்கும் பெருகிவரும் உடற்பயிற்சிக் கூடங்களைச் சுற்றி நடைபெறும் வணிகத்தின் சாரம் இதுதான். முதலாவது அனபாலிக் ஸ்டீராய்டு. இரண்டாவது ‘மூலிகை’, ‘இயற்கை’, ‘பக்கவிளைவு அற்றது’ என்ற முத்திரைகளோடு வரும் கல்லீரல் காப்பு மாத்திரை. நோயைத் தரும் சரக்கும் அதைத் தீர்ப்பதாகக் கூறும் சரக்கும் ஒரே சந்தையில், பல நேரங்களில் ஒரே கையால் விற்கப்படுகின்றன. இரண்டுக்கும் விலை கொடுப்பது ஒரே இளைஞனின் சம்பளம். இதைத் தனிமனிதரின் அழகுப் பித்து என்று ஒதுக்குவோர் பிரச்சனையின் வேரைக் காண மறுக்கின்றனர்.

முதலில் அறிவியலைப் பார்க்க வேண்டும். மெத்தாண்டியனோன், ஸ்டானசோலால் போன்ற வாய்வழி ஸ்டீராய்டுகளின் மூலக்கூறு, கல்லீரல் அவற்றை எளிதில் சிதைத்துவிடாதபடி மாற்றியமைக்கப்பட்டது. சிதையாமல் நிற்பதே அவற்றின் ஆற்றல். அதுவே கல்லீரலுக்குக் கேடு. பித்தநீரின் ஓட்டம் தடைபடுகிறது. மஞ்சள் காமாலையும் கடும் அரிப்பும் தோன்றுகின்றன. அமெரிக்காவில் மருந்தால் விளையும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் ஆய்வுக் கூட்டமைப்பு 2014ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுகளின்படி, உடற்கட்டுச் சரக்குகளால் பாதிக்கப்பட்ட இளைஞர்களுக்கு மஞ்சள் காமாலை ஏறத்தாழ மூன்று மாதங்கள் வரை நீடித்தது. நீண்டகாலம் உட்கொள்வோருக்குக் கல்லீரலில் இரத்தம் நிறைந்த குழிகளும் கட்டிகளும் உருவாகக்கூடும்.

இதற்கு மூலிகை மாத்திரை அரணாகுமா? இந்தச் சந்தையில் மிக அதிகம் புகழப்படும் சிலிமாரின் என்னும் தாவரச் சாறு, ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 154 பேரிடம் முறையாகச் சோதிக்கப்பட்டது. 2012இல் வெளியான அதன் முடிவு, வெற்று மாத்திரையைவிட அது குறிப்பிடத்தக்க பயன் எதையும் தரவில்லை என்பதாகும். ஸ்டீராய்டு உண்பவரை அது காக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஒருவேளை கல்லீரல் தப்பினாலும் இதயம் தப்புமா? நல்ல கொழுப்பைக் குறைப்பது, இரத்த அழுத்தத்தை உயர்த்துவது, இதயத் தசையைத் தடிக்கச் செய்வது, உடல் தானாகச் சுரக்கும் ஹார்மோனை முடக்குவது ஆகிய அனைத்தையும் ஸ்டீராய்டு செய்கிறது. ‘காப்பு மாத்திரை’ தருவது காப்பு அல்ல. இன்னும் ஒரு சுற்று ஸ்டீராய்டு உட்கொள்ளும் துணிச்சல் மட்டுமே.

அதனினும் கொடியது, காப்பே கேடாவது. 2020இன் இறுதி மாதங்களில், கொரோனா அச்சத்தால் சீந்தில் கொடிச் சாற்றையும் மாத்திரையையும் உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தனர். பின்னர் நாட்டின் பல மையங்களிலும் இத்தகைய நோயாளிகள் கண்டறியப்பட்டனர். ‘தசை வலிமை’க்காக விற்கப்படும் அமுக்கரா மாத்திரைகளாலும் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை இந்திய, வெளிநாட்டு மருத்துவர்கள் எழுதியுள்ளனர். மேற்கண்ட அமெரிக்கக் கூட்டமைப்பின் பதிவில், மூலிகை மற்றும் உணவுத் துணைச் சரக்குகளின் பங்கு பத்தாண்டுகளில் 7 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக உயர்ந்தது. ஏற்கெனவே ஸ்டீராய்டால் நலிந்த கல்லீரலின் மீது இந்தச் சுமையும் ஏறுகிறது.

இந்நிலையில் ஒன்றிய அரசு என்ன செய்தது? சீந்தில் குறித்த எச்சரிக்கையை ஆராய்வதற்குப் பதிலாக, ஆயுஷ் அமைச்சகம் அதைத் திசைதிருப்பும் செயல் என்று 2021இல் சாடியது. ஆயுஷ் மருந்துகளின் பொய் விளம்பரங்களைத் தடுக்க 2018இல் கொண்டுவரப்பட்ட 170ஆம் விதியின் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என 2023 ஆகஸ்டில் மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. 2024 ஜூலை 1 அன்று அந்த விதியையே நீக்கி அறிவிக்கை வெளியிட்டது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடித்து வைக்கப்பட்டபோது அந்தத் தடையும் அகன்றது. விளம்பரதாரருக்குக் கதவு திறந்தது. மக்களின் உடல்நலத்தைவிட வணிகரின் விளம்பர உரிமை பெரிதென்று கருதும் அரசின் வர்க்கக் குணத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

‘இது பாரம்பரிய அறிவின் மீதான தாக்குதல்’ என்று கூக்குரல் எழுப்பப்படுகிறது. பாரம்பரிய வைத்தியர் நோயாளியின் நாடி பார்த்து, அளவும் பத்தியமும் குறித்து, நாள் கணக்கிட்டு மருந்து தந்தார். இன்றைய நிறுவனமோ செறிவூட்டிய சாற்றைக் குப்பியில் அடைத்து, முகமறியாத இலட்சக்கணக்கானோருக்கு ஆண்டு முழுவதும் விற்கிறது. பண்டைய நூல்களில் உள்ள தயாரிப்பு என்றால் பாதுகாப்பு ஆய்வு தேவையில்லை எனச் சட்டமும் சலுகை தருகிறது. ஸ்டானசோலால் உண்டவரின் கல்லீரலுக்கு எந்தப் பண்டைய நூல் சூத்திரம் எழுதியது? மரபின் பெயரால் நடப்பது மரபைக் காப்பது அல்ல. மக்களின் பொது அறிவைத் தனியார் மூலதனம் கவர்ந்து இலாபமாக்குவதாகும்.

‘வாங்குவது அவரவர் விருப்பம்’ என்பது அடுத்த வாதம். அறிந்து தேர்வதற்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். கேரள மருத்துவர்கள் சந்தையிலிருந்து 36 புரத மாவுகளை வாங்கிச் சோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றில் ஏறத்தாழ 70 விழுக்காடு புரத அளவைத் தவறாகக் குறிப்பிட்டிருந்தன. சிலவற்றில் பூஞ்சை நச்சும் காணப்பட்டது. குப்பியில் இருப்பது என்னவென்றே தெரியாதபோது விருப்பத்துக்கு என்ன பொருள்?

அந்த ‘விருப்பம்’ பிறக்கும் இடத்தையும் காண வேண்டும். நிரந்தர வேலை அரிதாகிவிட்ட நாட்டில், காவலாளி வேலைக்கும், விடுதி வாயில் காப்பு வேலைக்கும், நான்கே ஆண்டு அக்னிபத் பணிக்கும் உடலே மூலதனமாக முன்வைக்கப்படுகிறது. திரைப்படமும் சமூக ஊடகமும் கட்டுடலே ஆண்மை என்று ஓதுகின்றன. மதவெறி அமைப்புகள் அதற்கு வீரச் சாயம் பூசுகின்றன. வேறு வாயில்கள் அடைபட்ட இளைஞன் தன் உடலை இருக்கும் ஒரே சொத்தாகக் கருதி அதில் முதலீடு செய்கிறான். அழிவதும் அதே சொத்துதான்.

2022ஆம் ஆண்டின் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் போட்டிகளில் பங்கேற்கும் வீரர்களைப் பற்றியது. அந்த வட்டத்துக்குள்ளேயே 2023இல் சோதிக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 213 தடை செய்யப்பட்ட பொருட்களைக் காட்டின. போட்டிக்கே செல்லாத இலட்சக்கணக்கான உடற்பயிற்சிக் கூட இளைஞர்களை எவரும் சோதிப்பதில்லை. சோதித்துத் தண்டிப்பதும் தீர்வல்ல. தண்டனை விற்பவருக்கு, மருத்துவம் பயன்படுத்துபவருக்கு என்பதே இடதுசாரிகளின் நிலைப்பாடாக இருக்க வேண்டும்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. 170ஆம் விதி மீண்டும் நடைமுறைக்கு வர வேண்டும். மருத்துவர் சீட்டின்றி ஸ்டீராய்டு விற்போர் மீதும், அதைக் கூடங்களில் வழங்குவோர் மீதும் நடவடிக்கை வேண்டும். மூலிகை மருந்துகளுக்கும் பாதுகாப்பு ஆய்வு கட்டாயமாக்கப்பட வேண்டும். மருந்து ஆய்வாளர் காலியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். அரசு மருத்துவமனைகளில், பழி சுமத்தாத, கட்டணமற்ற கல்லீரல் மற்றும் இதயப் பரிசோதனை கிடைக்க வேண்டும். ஊர்தோறும் பயிற்றுநருடன் கூடிய பொது உடற்பயிற்சிக் கூடங்களும் விளையாட்டுத் திடல்களும் அமைய வேண்டும்.

கோரிக்கை மனுவோடு பணி முடிவதில்லை. வாலிபர் அமைப்பின் கிளைகள் உடற்பயிற்சிக் கூடங்களுக்குள் செல்ல வேண்டும். கண் மஞ்சளாகி, சிறுநீர் கருத்த பின்னும் இன்னொரு மூலிகைக் குப்பியைத் தேடும் இளைஞனிடம், அனைத்தையும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல், உட்கொண்ட எதையும் மறைக்காதே என்று சொல்ல ஒரு தோழர் அங்கே இருக்க வேண்டும். உழைக்கும் வர்க்கத்தின் உடல் சந்தையின் சோதனைக் கூடமல்ல. அதைக் காப்பதும் வர்க்கப் போராட்டமே.