தேன் கரடி கொலைகாரன் ஆன கதை

வின்னி த பூ என்பது ஒரு பொம்மைக் கரடி. இங்கிலாந்தில் ஏ. ஏ. மில்ன் என்ற ஆசிரியர், தம் மகனின் விளையாட்டுப் பொம்மையை வைத்து 1926-ல் இந்தக் கதைகளை வெளியிட்டார். தேன் என்றால் இந்தக் கரடிக்கு உயிர். சூதுவாது அறியாது.

அந்தக் காலத்துப் புத்தகங்களுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை 95 ஆண்டு. அது 2021-ஆம் ஆண்டோடு முடிந்தது. பிறகு அங்கே யாரும் இந்தக் கரடியை வைத்துக் கதை கட்டலாம், காசும் பண்ணலாம். பண்ணினார்கள்! 2023-ல் வந்த ஒரு படத்தில் கரடி மனிதர்களைக் கொன்று குவிக்கிறது. அதே ஆண்டு ஃப்ளோரிடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கே இதைப் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் பயந்தார்கள், பெற்றோர் கொதித்தார்கள். கரடியின் பெயரைக் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

இதற்காகச் சட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. உரிமை என்றைக்கும் ஒரு கம்பெனியின் பெட்டியிலேயே பூட்டிக் கிடந்தால், ஏழைப் பிள்ளைக்கு மலிவுப் பதிப்பு ஏது? ஆனால் பூட்டைத் திறந்தால் நல்லவனும் வருவான், மற்றவனும் வருவான்.

இங்கிலாந்தில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை உண்டு. மில்ன் காலமானது 1956-ல். ஆகவே கரடி பிறந்த நாட்டில் கெடு 2026-ஆம் ஆண்டின் கடைசி நாள்.